காலையில் 94, சாயங்காலம் 268

சர்க்கரை கேள்வி பதில்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "என் அண்ணனுக்குக் கிட்னி மாற்றிய பிறகுதான் சர்க்கரை வந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரு கட்டுக் கடிதம் மேசையில் கிடக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். யார் பெயரையும் போடவில்லை.

*

என் வீட்டுக்காரருக்கு வயது 46. நாலு மாதத்துக்கு முன் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் அவருக்குச் சர்க்கரை கிடையாது. லேபில் வெறும் வயிற்றில் 94, மூன்று மாத சராசரி 5.8 என்று வந்திருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் மெஷினில் சாயங்காலம் 5 மணிக்கு விளையாட்டாகப் பார்த்தபோது 268 காட்டியது. மறுநாள் அதே நேரம் 241. மெஷின் பழுதா, லேப் பழுதா டாக்டர்?
— வாசகி, கரூர்

இரண்டும் பழுதில்லை அம்மா. பார்த்த நேரம்தான் வேறு.

உங்கள் கணவர் காலையில் டிபன் முடித்ததும் போடுகிற மாத்திரைகளில் ப்ரெட்னிசலோன் என்று ஒன்று இருக்கும். ஸ்டீராய்டு என்று சொல்வார்களே, அதுதான். புதுக் கிட்னியை உடம்பு தாக்காமல் இருக்கக் கொடுப்பது. காலை 8 மணிக்குப் போட்டால் மதியத்துக்கு மேல் அதன் வேலை உச்சத்துக்கு வரும். கல்லீரலில் இருந்து சர்க்கரையை அதிகமாக வெளியே விடும். இன்சுலின் வந்து கூப்பிட்டாலும் தசைகள் அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளாது. மதியச் சாப்பாடும் அதே நேரத்தில் சேர்ந்துகொள்ளும். ராத்திரி ஏற ஏற மாத்திரையின் பிடி தளரும். விடிந்து லேபுக்குப் போகும்போது சர்க்கரை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி 94-இல் உட்கார்ந்திருக்கும்.

சாதாரணமாக வருகிற சர்க்கரை நோயில் வெறும் வயிற்று அளவு நமக்குப் பெரிய சாட்சி. உறுப்பு மாற்றியவர்களிடம், அதுவும் முதல் மாதங்களில், அதே சாட்சி பொய் சொல்லும். இதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தும் என் வீட்டிலேயே கோட்டை விட்டேன்.

அண்ணனுக்கு 2010-இல் அண்ணிதான் கிட்னி கொடுத்தார். விருதுநகரில் பருப்பு மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் அண்ணன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒருமுறை போனில் கேட்பேன், "வெறும் வயித்துல எவ்வளவுண்ணே?" 92 என்பார், 97 என்பார், ஒருதரம் 101. "நல்லா இருக்குண்ணே" என்று வைத்துவிடுவேன். மதுரையில் ஒரு நாளைக்கு 40 பேருக்குச் சர்க்கரை பார்க்கிறவள், அண்ணனிடம் ஒருநாள்கூட "சாயங்காலம் எவ்வளவு?" என்று கேட்கவில்லை.

அறிகுறியே இல்லையா என்றால், எல்லாம் இருந்தது. எங்களுக்குத்தான் அது அறிகுறியாகப் படவில்லை. மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தவர் அவர். ஒரு நாளைக்கான தண்ணீரைச் சின்ன டம்ளரில் அளந்து குடித்தவர், நா வறண்டால் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டவர். மூத்திரம் என்பதே கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. புதுக் கிட்னி வந்ததும் டாக்டர்களே "3 லிட்டர் குடியுங்கள்" என்றார்கள். அவர் குடம் குடமாகக் குடித்தபோது எங்களுக்குக் கொண்டாட்டம். "ராத்திரி அஞ்சு தடவை எந்திரிச்சுப் போனாருடி" என்று அண்ணி போனில் சந்தோஷமாகச் சொன்னார். பசி எடுத்தது, அதுவும் கொண்டாட்டம். தாகம், அடிக்கடி சிறுநீர், அகோரப் பசி என்று சர்க்கரைக்கு நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் மூன்றும் கண் முன்னால் நடந்தன. கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது மாதம் மாத்திரை வாங்க மதுரைக்கு வந்தவர், சாயங்காலம் என் கிளினிக்கில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று என் கண்ணாடியைக் கேட்டார். வயசாகுதுண்ணே என்று கழற்றிக் கொடுத்தேன். எங்கள் நர்ஸ்தான், "எதுக்கும் ஒரு சொட்டு பாத்துடுவோமா அண்ணே" என்று விரலைப் பிடித்தார். 312. அன்று நான் தலை குனிந்தது அண்ணனிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம்.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். 5.8 என்ற சராசரியையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அந்தப் பரிசோதனை சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். புதுக் கிட்னி வேலையைத் தொடங்கியதும் ரத்தம் ஊறச் செய்யும் ஹார்மோன் சுரந்து, புத்தம் புது சிவப்பணுக்கள் நிறைய வரும். புதிய அணுக்களில் சர்க்கரை ஒட்ட நேரம் இருந்திருக்காது. ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அது இன்னொரு குழப்பம். அதனால் முதல் சில மாதங்களில் 5.8 வந்தால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம் கிடையாது. 6.5-க்கு மேல் வந்தால் மட்டும் அதை நம்பலாம்.

செய்ய வேண்டியது இது. ஒரு மெஷின் வாங்குங்கள். காலை வெறும் வயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அப்புறம் சாயங்காலம் 4 – 5 மணி. ஐந்து நாள் ஒரு நோட்டில் எழுதி, நேரத்தோடு, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் கிட்னி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் லேபில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு மணி நேரத்தில் 200 தொட்டால், அல்லது வெறும் வயிற்றில் 126 தொட்டால் சர்க்கரை நோய். ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அளவு ஏறும், இறங்கும். அதை நோய் என்று எழுத மாட்டோம். உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

சிகிச்சையிலும் நேரம்தான் முக்கியம். இந்த மாதிரி சாயங்காலச் சர்க்கரைக்கு ராத்திரி இன்சுலின் போட்டால் விடியற்காலையில் தாழ்ந்துபோகும். பால் மாதிரி கலங்கலாக இருக்கும் அந்த நடுத்தர இன்சுலினைக் காலையிலேயே, ஸ்டீராய்டோடு ஜோடி சேர்த்துப் போடுவது எங்கள் வழக்கம். அளவை உங்கள் டாக்டர் சொல்லட்டும். 300-க்கு மேல் போய் வாந்தி, காய்ச்சல், மயக்கம் என்று ஏதாவது சேர்ந்தால் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

*

என் மகனுக்கு நான்தான் கிட்னி கொடுத்தேன். ஆறாவது மாதம் அவனுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனால் என் அம்மாவுக்கு இருந்தது. "உங்க கிட்னியோட சேர்ந்து போயிருக்கும்" என்று சம்பந்தி அம்மா சொன்னதில் இருந்து எனக்குத் தூக்கமே இல்லை.
— தாய், தேனி

அம்மா, கிட்னி வழியாகச் சர்க்கரை நோய் போகாது. இன்சுலின் சுரப்பது கணையம். அவனுடைய கணையத்தை யாரும் தொடவில்லை. அது அவன் பிறந்ததில் இருந்து அவனிடமே இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு இருந்தது என்பது ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. குடும்பத்தில் சர்க்கரை இருந்தால் மாற்று உறுப்புக்குப் பிறகு வருகிற வாய்ப்பு கூடுதல். ஆனால் அதை நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கவில்லை. அவன் உங்கள் வயிற்றில் இருந்தபோது, மூக்கு ஜாடை, தலைமுடியோடு சேர்த்துக் கொடுத்தது. அதற்குச் சம்பந்தி அம்மா கணக்குக் கேட்க முடியாது.

இன்னொன்று சொல்கிறேன், இதை அவரிடமும் சொல்லுங்கள். உடம்பில் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுகிற முக்கியமான இடங்களில் கிட்னியும் ஒன்று. கிட்னி கெட்டுப்போனால் சுரந்த கொஞ்ச இன்சுலினும் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். அதனால்தான் டயாலிசிஸ் காலத்தில் பல பேருக்குச் சர்க்கரை தானாகக் குறைந்த மாதிரி தெரியும். சாப்பாடும் இறங்காது, அதுவும் ஒரு காரணம். உள்ளே இருக்கிற குறை வெளியே வராது. நல்ல கிட்னி வந்ததும் இன்சுலின் ஒழுங்காகக் கழியத் தொடங்கும். கிட்னி தன் பங்குக்கு இரவில் கொஞ்சம் சர்க்கரையும் தயாரிக்கும், அது ஆரோக்கியமான கிட்னியின் வேலைதான். ஒளிந்திருந்தது அப்போது வெளியே தெரியும். அவனுக்கு வந்த சர்க்கரையில் ஒரு பகுதி, உங்கள் கிட்னி நன்றாக வேலை செய்ததால் வெளிச்சத்துக்கு வந்ததுதான்.

இதற்காகவே பெயரையும் மாற்றினார்கள். முன்பு 'மாற்று உறுப்புக்குப் பின் புதிதாக வந்த சர்க்கரை' என்று எழுதுவோம். 2013-இல் வியன்னாவில் கூடிய நிபுணர்கள், இதில் பலருக்கு முன்பே இருந்து கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம், 'புதிதாக' என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது 'மாற்று உறுப்புக்குப் பிந்தைய சர்க்கரை நோய்', அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். கொடுத்தவர்களை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். வருடம் ஒருமுறை உங்கள் பிரஷர், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), சிறுநீரில் புரதம், சர்க்கரை நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகன் போகிற அன்றைக்கே நீங்களும் கூடப் போனால் பஸ் செலவு மிச்சம்.

*

எனக்கு 31 வயது, கல்லீரல் மாற்று சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம். ஸ்டீராய்டு நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் சர்க்கரை இருக்கிறது. நெட்டில் தேடியதில் டாக்ரோலிமஸ்தான் காரணம் என்று தெரிந்தது. அதைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை போய்விடுமா? டாக்டரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று தயக்கம்.
— வாசகர், சென்னை

தம்பி, நீங்கள் படித்தது சரி. செய்ய நினைப்பதுதான் தப்பு. இன்னும் குறைக்கவில்லை என்று நம்பிப் பதில் எழுதுகிறேன்.

1984-இல் ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியில் இருந்து எடுத்த மருந்து அது. இங்கிலீஷில் எழுதினால் டாக்ரோலிமஸ் என்ற பெயரின் முதல் எழுத்தான T, அந்த ஊரின் (Tsukuba) முதல் எழுத்துதான். அது வந்த பிறகு உறுப்பு நிராகரிப்பு, அதாவது புது உறுப்பை உடம்பே தாக்குவது, நன்றாகக் குறைந்தது. அதற்கு முன் பெரிதும் நம்பியிருந்த சைக்ளோஸ்போரினைவிட இது சர்க்கரையை அதிகம் கிளப்பும் என்பதும் உண்மை.

ஏன் என்றால், வெளியில் இருந்து வந்த உறுப்பைத் தாக்கப் புறப்படும் வெள்ளையணுவுக்குள் கால்சினியூரின் என்று ஒரு பொருள் வேலை செய்கிறது. மருந்து அதை முடக்கும். சிக்கல் என்னவென்றால், கணையத்தில் இன்சுலின் தயாரிக்கும் செல்களும் அதே பொருளை வைத்துத்தான் ஓடுகின்றன. தெருவில் கலவரம் என்று கரண்டை நிறுத்தினால் அதே தெருவில் இருக்கும் மாவு மில்லும் நின்றுபோகும் இல்லையா, அப்படி. மில்லுக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இதற்காக மொத்தக் கரண்டையும் போட்டுவிட முடியாது. கலவரக்காரர்கள் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்கள். நிராகரிப்பு வந்தால் அதை அடக்க மூன்று நாள் நரம்பில் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அப்போது ஏறுகிற சர்க்கரைக்கு முன்னால் நீங்கள் இப்போது பயப்படுகிற அளவு ஒன்றுமே இல்லை. கல்லீரலுக்கு என்ன ஆகும் என்பது தனி.

ஆனால் குறைக்கவே முடியாது என்றும் இல்லை. ரத்தத்தில் டாக்ரோ லெவல் பார்த்து, காலம் போகப் போக டாக்டர்களே இறக்கிக்கொண்டு வருவார்கள். சிலருக்கு வேறு மருந்தைக் கூடச் சேர்த்து இதைக் குறைப்பதும், மிகச் சிலருக்குச் சைக்ளோஸ்போரினுக்கு மாற்றுவதும் உண்டு. அதற்குப் பிரஷர் ஏறுவது, ஈறு தடிப்பது என்று வேறு தொல்லைகள். இது உங்கள் டாக்டர் எடை போட வேண்டிய கணக்கு. அவர் திட்டினால் திட்டட்டும், கேட்டுவிடுங்கள். கேட்காமல் மாத்திரையை உடைத்தவர்களைத்தான் எங்களுக்கு நிஜமாகவே திட்டத் தோன்றும்.

லெவல் பார்க்கும் நாள் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் லெவல் ஏறிக் காட்டும், அதை நம்பி அளவைக் குறைத்துவிடுவார்கள். மெடிக்கலில் "அதே மருந்துதான் சார், கம்பெனி வேற" என்று கொடுத்தால் வாங்கிப் போட்டுவிடாமல் டாக்டருக்கு ஒரு போன் செய்யுங்கள். கம்பெனி மாறினால் லெவலும் மாறலாம். வயிற்றுப்போக்கு வந்தாலும் இந்த மருந்தின் லெவல் ஏறும். வயிறு போனால் மருந்தும் போயிருக்கும் என்று கூடுதலாக ஒரு மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேர் எதிராக நடக்கும்.

*

நாவல் கொட்டைப் பொடியும் சிறுகுறிஞ்சான் பொடியும் கலந்து தருகிறார் எங்கள் ஊர் வைத்தியர். கிட்னி மாற்றிய என் தம்பி சாப்பிடலாமா? பழங்களில் ஏதாவது பத்தியம் உண்டா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

வேண்டாம். நாட்டு மருந்தே கூடாது என்கிற கட்சி இல்லை நான். டாக்ரோலிமஸ் அளவு மயிரிழையில் நிற்கிற மருந்து. ஈரலில் அதைச் சிதைக்கிற வேலைக்கு நடுவில் எது புகுந்தாலும் ஏறும் அல்லது இறங்கும். பொடியில் உண்மையில் என்னென்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. பஸ்பம், செந்தூரம் என்றால் கிட்னிக்கே நேரடி ஆபத்து.

பழத்தில் ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன், பம்பளிமாஸ். அதன் வெளிநாட்டு உறவான கிரேப்ஃப்ரூட்டும் அப்படியே. இரண்டும் டாக்ரோ லெவலை ஏற்றிவிடும். சாத்துக்குடி, கமலா பயமில்லை, சர்க்கரைக்காக அளவு பார்த்தால் போதும். இங்கிலீஷ் மருந்தும் விதிவிலக்கு இல்லை. சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் லெவலை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அடியோடு இறக்கும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, "எனக்குக் கிட்னி மாத்தியிருக்கு" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

*

டயாலிசிஸில் இருந்தபோது வாழைப்பழம், இளநீர், தக்காளி எல்லாம் கூடாது என்றார்கள். மாற்றிய பிறகு எல்லாம் சாப்பிடலாம் என்றார்கள். ஆறு மாதம்தான் சாப்பிட்டேன். இப்போது சர்க்கரை, மறுபடியும் கூடாது என்கிறார்கள். நான் என்னதான் சாப்பிடுவது?
— வாசகர், நாகர்கோவில்

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், கிளினிக்கில் எல்லோருக்கும் சிரிப்பு. அண்ணனும் இதே வார்த்தையைச் சொன்னார், ஆனால் சிரிக்காமல்.

காய்கறியை வெட்டி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சக்கை மாதிரி சமைத்துச் சாப்பிட்ட மனிதர்களுக்கு மாற்றிய பிறகு வருகிற பசி வேறு மாதிரி. ஸ்டீராய்டு கொடுக்கிற பசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். முதல் வருடத்தில் 8 கிலோ, 10 கிலோ ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த எடை சர்க்கரைக்குப் போடுகிற உரம். அண்ணன் 9 கிலோ ஏறினார். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

முதலில் நல்ல செய்தி. பொட்டாசியம் சரியாக இருந்தால் தக்காளி, கீரை, பருப்பு எதற்கும் தடை இல்லை. ஆனால் டாக்ரோலிமஸ் சிலருக்குப் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் ரிப்போர்ட்டில் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே மருந்து மெக்னீசியத்தைச் சிறுநீரில் வீணாக்கும். மெக்னீசியம் குறைந்தவர்களிடம் சர்க்கரை அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். பயறு, கீரை, கம்பு, வேர்க்கடலை எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை வராது என்று நினைத்து இரண்டு சொம்பு கூழ் குடிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கேழ்வரகும் மாவுச்சத்துதான். கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். அடையாகவோ களியாகவோ, அளவோடு, கூட ஒரு கிண்ணம் கீரைக் கடைசல்.

நான் பெரிதாகப் பார்ப்பது நேரத்தை. ஸ்டீராய்டு உச்சத்தில் இருப்பது மதியத்தில் இருந்து சாயங்காலம் வரை. நம் ஊரில் அந்த நேரத்தில்தான் ஒரு தட்டுச் சோறு, தூக்கம், எழுந்ததும் சர்க்கரை போட்ட டீ, பஜ்ஜி. அதனால் சோறு வேண்டும் என்றால் அதைக் காலைப் பக்கம் தள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லி கூடுதலாகப் போனாலும் நான் கேட்க மாட்டேன். மதியம் சோறு ஒரு கப், மீதித் தட்டில் காய், பருப்பு, மீன் அல்லது முட்டை. நாலு மணிக்குச் சுண்டல். மதியச் சாப்பாடு முடிந்து படுக்காமல் 15 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நாகர்கோவிலில் நேந்திரம்பழத்தை விடச் சொன்னால் அடிக்க வருவீர்கள். பாதிப் பழம், காலையில்.

இளநீர் தினமும் வேண்டாம். ரோட்டோரம் வெட்டி வைத்த பழம், காய்ச்சாத பால், திறந்து கிடக்கும் சட்னி மூன்றும் சர்க்கரைக்காக அல்ல, கிருமிக்காக வேண்டாம். எதிர்ப்பு சக்தியை மருந்து போட்டுத் தாழ்த்தி வைத்திருக்கிறோம், சர்க்கரையும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்து.

*

கிட்னி மாற்றியவர்கள் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடவே கூடாது என்று மெடிக்கல் கடையில் சொல்கிறார்கள். எனக்கு டாக்டர் எழுதியிருக்கிறார்.
— வாசகி, புதுச்சேரி

கிட்னி வடிகட்டும் அளவைப் பொறுத்தது. உங்கள் ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் என்று ஒரு எண் இருக்கும். 45-க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தரலாம், 30-க்குக் கீழே கூடாது, நடுவில் இருந்தால் அளவைக் குறைத்து எச்சரிக்கையாக. வாந்தி பேதி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். லினாக்ளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கிட்னி அளவைப் பார்த்துக் குறைக்க வேண்டியதில்லை என்பதால் பலருக்கு அதை எழுதுவோம். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளும் புது மாத்திரைகளும் நல்லவைதான். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறவர்களுக்கும் ஆபரேஷன் ஆன புதிதிலும் நான் எழுதுவதில்லை.

*

இன்சுலின் ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாதாமே. உங்கள் அண்ணன் இன்னும் போடுகிறாரா? அவர் கிட்னி எப்படி இருக்கிறது?
— ஓய்வு பெற்ற கண்டக்டர், பழனி

ஐயா, இந்த வகைச் சர்க்கரையில் அந்தப் பயத்துக்கு இடமே குறைவு. ஸ்டீராய்டும் டாக்ரோவும் முதல் வருடத்தில்தான் அதிகம். இரண்டும் இறங்கும்போது பலருக்கு இன்சுலினும் இறங்கும். சிலருக்குச் சர்க்கரையே விலகும். விலகினாலும் பார்ப்பதை நிறுத்தக் கூடாது, திரும்பி வருகிற பழக்கம் அதற்கு உண்டு. 2012-இல் வியன்னா டாக்டர்கள் 50 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களிலேயே சாயங்கால அளவைப் பார்த்து இன்சுலின் ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துச் சர்க்கரை நோய் குறைவாக இருந்தது. களைத்துப்போன கணையத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது பிழைக்கும் என்பது கணக்கு. பிறகு நடந்த பெரிய ஆய்வில் பலன் அத்தனை பளிச்சென்று வரவில்லை. இருந்தாலும் ஆரம்பத்திலேயே இன்சுலினுக்குத் தயங்காதவர்கள் கட்சியில்தான் நான் இருக்கிறேன்.

அண்ணனுக்கு முதல் தடவை பதினோரு மாதத்தில் இன்சுலினை நிறுத்தினோம். 2014-இல் ஒரு நிராகரிப்பு வந்தது. இரண்டு நாள் மாத்திரை வாங்க மறந்துபோனார், அதுவும் மகள் கல்யாண வேலையில். மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றியதில் சர்க்கரை 400-ஐத் தாண்டியது. மறுபடி ஊசி, எட்டு மாதம். இப்போது ஊசி இல்லை, ஒரே ஒரு மாத்திரை. கிரியாட்டினின் 1.4. வருடம் ஒருமுறை கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்க்கிறார். காலுக்குச் செருப்பு இல்லாமல் மண்டிக்குள்கூட நடப்பதில்லை.

போனில் நான் இப்போது வெறும் வயிற்றுக் கணக்குக் கேட்பதில்லை. நாலு மணிக்கு அவர் போனில் அலாரம் அடிக்கும், சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், வேறு வார்த்தை இருக்காது. நேற்று 163 வந்தது. அடுத்த நிமிடமே ஒரு படம்: சாத்தூர் காராச்சேவு, ஒரு கைப்பிடி, தட்டில் எண்ணி வைத்த மாதிரி. "போதும்ணே" என்று பதில் போட்டேன்.